பொது வானொலியில் உலகச் செய்தி நேரம் குறைகிறது – உங்கள் ஊரில் எப்படி?

ஒஹாயோ_தமிழன்

நண்பர்களே, எங்கள் ஊர்ப் பொது வானொலி நிலையம் (பெயர் வேண்டாம், சின்ன நிலையம்) அடுத்த மாதத்திலிருந்து ‘தி வேர்ல்ட்’ நிகழ்ச்சியை நிறுத்தப் போகிறதாம். பிற்பகல் 3 மணிக்கு வரும். அந்த இடத்தில் ஏற்கெனவே காலையில் ஒலிபரப்பான ஓர் உரையாடல் நிகழ்ச்சியை மறுபடி போடுவார்கள். காரணம் பணம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘தி வேர்ல்ட்’ 1996-இல் தொடங்கியது. பாஸ்டன் டபிள்யூஜிபிஹெச் நிலையம், பிபிசி உலக சேவை, பப்ளிக் ரேடியோ இன்டர்நேஷனல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆரம்பித்த நிகழ்ச்சி. வார நாட்களில் தினமும் ஒரு மணி நேரம். தொகுப்பாளர் மார்கோ வெர்மன் குரல் பலருக்குப் பழக்கமாக இருக்கும். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்கர்களுக்காக, ஒரு மணி நேரம் முழுக்க வெளிநாட்டைப் பற்றிப் பேசும் தினசரி நிகழ்ச்சி என்று யோசித்தால் எனக்கு இது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

இதில் முன்பெல்லாம் ‘ஜியோ குவிஸ்’ என்று ஒரு பகுதி வரும். ஓர் ஊரின் பெயரைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுப்பார்கள்: இன்ன ஆற்றங்கரை, இன்ன மலைக்குக் கிழக்கே என்று. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விடையைச் சொல்லி, அந்த ஊர்ச் செய்திக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுவார்கள். வரைபடத்தைத் திறந்தே பார்க்காத ஒருவரைக்கூட ஒரு நிமிடம் அந்த ஊரைத் தேட வைத்தது அந்தப் பகுதி. கடைசியில் ‘குளோபல் ஹிட்’ என்று ஏதாவது ஒரு நாட்டு இசை.

என் கேள்வி இதுதான். இது போய்விட்டால் உண்மையில் நஷ்டமா? உங்கள் ஊர் நிலையங்களில் என்ன நிலை?

ராகவி_பே_ஏரியா

நிகழ்ச்சி நிற்கவில்லையே அண்ணா. உங்கள் நிலையம்தான் நிறுத்துகிறது. பாட்காஸ்டாக அதே நிகழ்ச்சி தினமும் வருகிறது. போனில் போட்டு காரில் கேட்கலாம். நான் என்பிஆரின் (நேஷனல் பப்ளிக் ரேடியோ) ‘ஸ்டேட் ஆஃப் தி வேர்ல்ட்’ கேட்கிறேன். 2022-இல் உக்ரைன் போருக்காக ஆரம்பித்த பாட்காஸ்ட், பிறகு பெயரை மாற்றி எல்லா நாடுகளுக்கும் விரித்துவிட்டார்கள். ‘த்ரூலைன்’ கேளுங்கள், வரலாற்றுப் பின்னணி அருமையாக இருக்கும். அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு ஏன் கவலைப்பட வேண்டும்?

ஒஹாயோ_தமிழன்

ராகவி, நீங்களும் நானும் தேடிக் கேட்போம். எங்கள் ஊரில் டிராக்டர் கடையில் எந்நேரமும் வானொலி ஓடும். கடைக்காரர் வானிலைக்காகவும் உள்ளூர்ச் செய்திக்காகவும் வைத்திருப்பார். ஒருமுறை நான் போனபோது செனகல் மீனவர்களைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பெரிய கப்பல்கள் வந்து மீனை அள்ளிவிட, பையன்கள் மரப்படகில் ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்குக் கிளம்புகிற கதை. கவுண்டரில் இருந்தவர் பில் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “இங்கே சோயா விலை விழுந்தாலும் பையன்கள் ஊரைவிட்டுத்தான் போகிறார்கள்” என்றார். அவர் வாழ்நாளில் செனகல் என்று தேடிப் பாட்காஸ்ட் இறக்கப் போவதில்லை. தேடாதவர் காதில் விழுவதுதான் வானொலியின் பலம். நஷ்டம் அவருக்குத்தான்.

கணக்குப்பிள்ளை

சரி, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்த மாதிரி விவாதங்களில் எல்லாவற்றையும் ‘என்பிஆர்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘தி வேர்ல்ட்’ என்பிஆரின் நிகழ்ச்சியே இல்லை. பப்ளிக் ரேடியோ இன்டர்நேஷனல் 2018-இல் பிஆர்எக்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது. இப்போது விநியோகிப்பது அவர்கள்தான். பிபிசியின் ‘நியூஸ்அவர்’ போன்றவற்றை 2012-இலிருந்து அமெரிக்க நிலையங்களுக்குக் கொடுப்பது அமெரிக்கன் பப்ளிக் மீடியா. என்பிஆர் தயாரிப்பது ‘மார்னிங் எடிஷன்’, ‘ஆல் திங்ஸ் கன்சிடர்ட்’ போன்றவை.

உள்ளூர் நிலையம் இவர்கள் யாருடைய கிளையும் இல்லை. பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகமோ, லாப நோக்கமற்ற அமைப்போ நடத்தும் தனி நிலையம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கட்டணம் கொடுத்து வாங்குகிறது. எதை எத்தனை மணிக்குப் போடுவது என்பது அந்த நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநர் கையில். உங்கள் ஊருக்கு உலகம் எத்தனை மணிக்கு வரும் என்று தீர்மானிப்பவர் அவர்தான்.

இப்போது பணம். 1967-இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட பொது ஒலிபரப்புச் சட்டத்தின்படி சிபிபி (பொது ஒலிபரப்புக் கழகம்) என்ற அமைப்பு உருவானது. கூட்டாட்சி அரசின் பணம் அதன் வழியாகத்தான் வந்தது. அதில் பெரும்பகுதி நேராக உள்ளூர் நிலையங்களுக்குப் போனது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இரண்டு ஆண்டுகளுக்கான சுமார் 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சிபிபி தன் வேலைகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

என்பிஆருக்கு நேரடியாக அரசிடமிருந்து வந்தது அதன் வரவில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அதனால் “என்பிஆர் தாங்கிக்கொள்ளும்” என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. நிலையங்களுக்குச் சராசரியாகப் பத்து சதவீதம். ஆனால் சராசரி என்பது நியூயார்க்கையும் அலாஸ்காவையும் ஒன்றாகக் கலந்து சொல்வது. அலாஸ்காவின் பெத்தேலில் யூப்பிக் மொழியிலும் செய்தி சொல்லும் கேஒய்யுகே போன்ற நிலையங்கள் பாதிக்கும் மேலாக அந்தப் பணத்தை நம்பியிருந்தன. அங்கே கை வைத்தால் முதலில் வெட்டுப்படுவது வெளியிலிருந்து வாங்கும் நிகழ்ச்சிகள். ஆள் குறைப்பதைவிட ஒரு கட்டணத்தை நிறுத்துவது சுலபம். ஒஹாயோ நண்பரின் ஊரில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

ராகவி_பே_ஏரியா

இந்த விளக்கம் எங்கே போனாலும் கிடைக்கவில்லை, நன்றி ஐயா. எங்கள் பக்கம் கேக்யூஇடி பெரிய நிலையம் என்பதால் இதெல்லாம் தெரிவதே இல்லை.

பழைய_ட்ரான்சிஸ்டர்

நான் சிற்றலைக் காலத்து ஆள். 2001 ஜூலை 1 அன்று பிபிசி உலக சேவை வட அமெரிக்காவுக்கான சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, உள்ளூர் எஃப்எம் நிலையங்களிலும் இணையத்திலும் கேட்கலாமே என்பது. அதாவது அமெரிக்கக் காதுகளுக்கான பொறுப்பில் ஒரு பங்கை இந்தப் பொது வானொலி நிலையங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இரண்டே மாதத்தில் செப்டம்பர் 11 நடந்தது. அப்போது இரவெல்லாம் பிபிசியை எடுத்துப் போட்டவை இந்த நிலையங்கள்தான். இன்றைக்கும் நிறைய ஊர்களில் நள்ளிரவுக்குப் பிறகு ஓடுவது லண்டன் குரல்தான். நர்சுகள், லாரி ஓட்டுநர்கள், இரவுக் காவலர்கள் என்று அதற்கென்று ஒரு கூட்டம் உண்டு.

இன்னொரு பக்கம், நின்றுபோனவற்றின் பட்டியல் நீளம். கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர் பத்திரிகை நடத்திய ‘மானிட்டர் ரேடியோ’ 1997-இல் நின்றது. வெளிநாட்டுச் செய்தியில் அவர்கள் தரம் அபாரம். சிகாகோ டபிள்யூபிஇசட்டில் ஜெரோம் மெக்டானல் கால் நூற்றாண்டு நடத்திய ‘வேர்ல்ட்வியூ’ 2019-இல் முடிந்தது. ஒரு நகரத்து நிலையம் தன் சொந்தச் செலவில் தினமும் உலக விவகாரம் பேசியது. சிகாகோவுக்கு வந்து குடியேறிய மக்களையே ஸ்டுடியோவுக்கு அழைத்து அவர்களுடைய நாட்டைப் பற்றிப் பேச வைப்பார். அதற்கு இணையாக வேறு எதுவும் பிறகு வரவில்லை.

நம் கதையும் இதுதானே. 1941-இல் ஆரம்பித்த பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு முடிந்தது. இணையத்தில் இருக்கிறதே என்றுதான் அப்போதும் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலும் ராமநாதபுரத்திலும் இரவு ஒன்பதே காலுக்குக் கூடிக் கேட்ட பெரியவர்கள் இணையத்துக்கு வந்தார்களா?

வன்னிக்காற்று

நான் டொராண்டோவில் இருக்கிறேன். மாற்றுக் கருத்து ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம்.

எல்லாரும் இந்த நிகழ்ச்சிகளைப் புகழ்கிறீர்கள். 2009-இல் நாங்கள் ஒவ்வொரு வானொலியாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தோம். அமெரிக்கப் பொது வானொலியில் ஈராக் இருந்தது, ஆப்கானிஸ்தான் இருந்தது. முள்ளிவாய்க்கால் எப்போதாவது நாலு நிமிடம். அமெரிக்கச் சிப்பாய் நிற்கும் இடம்தான் இவர்களுக்கு உலகம். இலங்கை அரசு சுயாதீன செய்தியாளர்களைப் போர்ப் பகுதிக்குள் விடவில்லை என்பது உண்மை. ஆனால் உள்ளே போக முடியாவிட்டால் தொலைபேசியில் கதைக்கலாம்தானே?

இங்கே கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியில் ‘ஆஸ் இட் ஹாப்பன்ஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி. 1968-இலிருந்து நடக்கிறது. அவர்களுடைய முறையே தொலைபேசிதான். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அந்த இடத்தில் நிற்கும் மனிதரை நேரே கூப்பிட்டுக் கேட்பார்கள். அமைச்சரும் வருவார், வெள்ளத்தில் கூரையில் நிற்பவரும் வருவார். 2022 வரை அதை நடத்திய கேரல் ஆஃப் கேட்ட கேள்விகளுக்கு மழுப்பிவிட்டுப் போக முடியாது. அமெரிக்காவிலும் பல பொது நிலையங்கள் இதை ஒலிபரப்புகின்றன. எனக்குத் தெரிந்து கேட்பவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த முறைதான். “அமெரிக்கருக்கு இதில் என்ன தொடர்பு” என்று முதலில் தேடிவிட்டுப் பிறகு செய்தி சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

மதுரை_மீனாள்

வன்னிக்காற்று சொல்வதில் வலி இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. 2009 பற்றி நான் எதிர்வாதம் செய்யப் போவதில்லை.

ஆனால் “சிப்பாய் நிற்கும் இடம்தான் உலகம்” என்பதை முழுசாக ஏற்க முடியவில்லை. ஒஃபெய்பியா குவிஸ்ட்-ஆர்க்டனைக் கேட்டிருப்பீர்கள். கானாவைச் சேர்ந்தவர், என்பிஆருக்காக மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பேசியவர். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் தான் இருந்த ஊரான டக்காரை “டக்காஆர்” என்று இழுத்து முடிப்பார், அதற்காகவே காத்திருந்த கேட்பவர்கள் உண்டு. 2014-இல் எபோலா பரவியபோது லைபீரியாவுக்குப் போய், அங்கிருந்து பேசினார். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் டல்லாஸில் ஒரு நோயாளி வந்த பிறகு பதறின. அவர் அதற்கு வெகு முன்பே அங்கே இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

2008 மே 12. ‘ஆல் திங்ஸ் கன்சிடர்ட்’ குழு சீனாவின் செங்டூவில் இருந்தது. நிலநடுக்கத்துக்காகப் போகவில்லை. அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்தே நிகழ்ச்சிகளைச் செய்வதற்காக முன்கூட்டியே போய்ச் சாதாரண மனிதர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல் 2.28-க்கு தொகுப்பாளர் மெலிசா பிளாக் ஒரு பேட்டியைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது தரை ஆட ஆரம்பித்தது. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் வெளியே ஓடிவந்து, நடுங்கும் குரலில், கண்ணில் படுவதை அப்படியே சொல்லிக்கொண்டே போகிறார். கட்டடம் ஆடுவதை, மக்கள் தெருவுக்கு ஓடிவருவதை. பின்னால் கூச்சல் கேட்கிறது. நிலநடுக்கத்தின் அளவு 7.9. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 87,000-ஐ நெருங்கினார்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிது. துஜியாங்யான் என்ற ஊரில், இடிந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முன்னால் ஓர் இளம் தம்பதி. உள்ளே அவர்களுடைய இரண்டு வயதுகூட நிரம்பாத மகன், அவனைப் பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டி. மண் அள்ளும் இயந்திரத்துக்காக அதிகாரிகளிடம் கெஞ்சுகிறார்கள். இயந்திரம் வருகிறது. பிளாக் அவர்களோடு மணிக்கணக்காக நிற்கிறார். அந்தத் தாய் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும், மொழிபெயர்ப்பு தேவையே படாது. கடைசியில் மூவரும் உயிரோடு கிடைக்கவில்லை. ஒரு முழு நாளை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து, அதை மாலை போக்குவரத்து நெரிசல் நேரத்தில் அமெரிக்கா முழுக்க ஒலிபரப்பினார்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் இது கிடைக்குமா? அங்கே ஆள் இருந்ததால் கிடைத்தது. அமெரிக்கத் தொடர்பு என்று அதில் எதுவுமே இல்லை.

வன்னிக்காற்று

மீனாள் அக்கா, அந்த ஒலிப்பதிவை நான் கேட்டதில்லை, தேடிக் கேட்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கும் பொருந்துகிறது. ஏற்கெனவே ஆள் இருந்த இடம் செய்தியானது. ஆள் இல்லாத இடம் ஆகவில்லை. எங்கே ஆளை வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை

பணம்தான் முடிவு செய்கிறது, வருத்தம்தான். வெளிநாட்டில் ஓர் அலுவலகம் என்றால் செய்தியாளர் சம்பளம் மட்டும் இல்லை. வாடகை, ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், காப்பீடு, பாதுகாப்புப் பயிற்சி, போர்ப் பகுதி என்றால் கவச வண்டி. பெரிய அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வெளிநாட்டு அலுவலகங்களை மூடிக்கொண்டிருந்த காலத்தில் என்பிஆர் எதிர்த்திசையில் போக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மெக்டொனால்ட்ஸை வளர்த்த ரே கிராக்கின் மனைவி ஜோன் கிராக் 2003-இல் இறந்தபோது உயிலில் 20 கோடி டாலருக்கும் மேல் என்பிஆருக்கு எழுதி வைத்தார். ஒருவருடைய பெருந்தன்மை ஒரு நாட்டின் காதுகளைத் திறந்துவைத்தது. அப்படி ஒருவர் மறுபடி வருவார் என்று யாரும் திட்டம் போட முடியாது. 2023-இல் விளம்பர வருவாய் விழுந்தபோது அதே என்பிஆர் பத்தில் ஒரு பங்கு ஊழியர்களைக் குறைத்தது.

தாமிரபரணி

உள்ளூர் உதவியாளர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2016 ஜூன் 5, ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட். என்பிஆர் புகைப்படக்காரர் டேவிட் கில்கி, ஆப்கன் செய்தியாளரும் மொழிபெயர்ப்பாளருமான ஜபிஹுல்லா தமன்னா இருவரும் ஆப்கன் ராணுவ வண்டிகளோடு போகும்போது தாக்கப்பட்டு இறந்தார்கள். தமன்னாவைப் போன்றவர்கள் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே வராது. யாரிடம் பேசலாம், எந்தச் சாலையில் போகலாம், கேட்கக் கூடாத கேள்வி எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். செய்தி முடிந்ததும் வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறிவிடுவார், இவர்கள் குடும்பத்தோடு அங்கேயே இருக்க வேண்டும்.

2003-இல் பாக்தாத்தில் குண்டு விழும்போது அங்கேயே தங்கிய மிகச் சில அமெரிக்கச் செய்தியாளர்களில் என்பிஆரின் ஆன் கேரல்ஸ் ஒருவர். ஓட்டல் அறையில் செயற்கைக்கோள் தொலைபேசியை ஒளித்து வைத்துப் பேசினார். அவரும் தன்னோடு இருந்த ஈராக்கிய ஓட்டுநரைப் பற்றி எப்போதும் நன்றியோடு பேசினார். இந்த நிகழ்ச்சிகளைக் கேட்கும்போது முடிவில் உள்ளூர் உதவியாளர்களின் பெயரைச் சொல்கிறார்களா என்று நான் கவனிப்பேன். சொன்னால் மரியாதை கூடுகிறது.

ஒஹாயோ_தமிழன்

தகவல்: நிகழ்ச்சி இயக்குநருக்கு எழுதினேன், பதிலும் போட்டார். மரியாதையான பதில். கட்டணம் ஒரு காரணம், 3 மணிக்குக் கேட்பவர்கள் குறைவு என்பது இன்னொரு காரணம். இரவு 8 மணிக்கு மாற்றினால் அடுத்த பிளெட்ஜ் டிரைவ் (கேட்பவர்களிடம் நன்கொடை கேட்கும் நாட்கள்) வரை வைத்துப் பார்க்கலாமா என்று குழுவில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். இரவு 8 மணிக்கு டிராக்டர் கடை மூடியிருக்கும். ஆனாலும் இல்லாததற்கு இது மேல். கேட்பவர் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறார். என்ன சொன்னால் எடுபடும்?

பழைய_ட்ரான்சிஸ்டர்

நான் எங்கள் ஊர் ஆலோசனைக் குழுவில் இருந்தவன், சொல்கிறேன். “உலகச் செய்தி முக்கியம்” என்று பொதுவாகப் பேசாதீர்கள், எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எந்த நாள், எந்தச் செய்தி, யார் கேட்டு என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். டிராக்டர் கடைக்காரரை அழைத்துப் போக முடிந்தால் நீங்கள் பேசவே வேண்டாம்.

அப்புறம், மாதாமாதம் தானாகப் பிடித்தம் ஆகும் நன்கொடையாகக் கொடுங்கள், சின்னத் தொகை போதும். ஒரே தடவை வரும் பெரிய காசோலையைவிட அதை வைத்துத்தான் அவர்கள் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைத் திட்டமிடுவார்கள். நன்கொடைப் படிவத்தில் எந்த நிகழ்ச்சிக்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுத இடம் இருந்தால் ‘தி வேர்ல்ட்’ என்று எழுதுங்கள். அதை யாரோ ஒருவர் எண்ணுகிறார்.

இன்னொரு வழி, உங்கள் நிலையத்துக்கு ஹெச்டி ரேடியோவில் (டிஜிட்டல் வானொலி) இரண்டாவது அலைவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். பல நிலையங்கள் அதில் நாள் முழுக்க பிபிசி உலக சேவையைப் போடுகின்றன. ஆனால் அந்த ரேடியோ எல்லாரிடமும் இருக்காது. அதைக் காட்டி முதல் அலைவரிசையில் குறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை_மீனாள்

இன்னொன்றையும் கேளுங்கள். ‘மார்னிங் எடிஷன்’ நடுவில் தேசிய ஒலிபரப்பை மறைத்து உள்ளூர்ப் பகுதியைச் செருக நிலையங்களுக்கு இடம் உண்டு. அதனால்தான் ஒரே நிகழ்ச்சி இரண்டு ஊரில் இரண்டு விதமாகக் கேட்கிறது. உள்ளூர்ச் செய்தி நிச்சயம் வேண்டும். ஆனால் அதற்காக மறைக்கப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்தியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே கவனமாகச் செய்வார்கள்.

வன்னிக்காற்று

அண்ணா, கூட்டத்தில் ‘ஆஸ் இட் ஹாப்பன்ஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். என்ன முடிவு வந்தது என்று இங்கே எழுதுங்கள்.

ஒஹாயோ_தமிழன்

கடைக்காரரிடம் கேட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார். கூட்டம் வருகிற வியாழன் மாலை 6 மணிக்கு, கவுண்டி நூலகத்தில். முடிந்ததும் எழுதுகிறேன்.